பரண்மேல் போர்வையும் ஓயாத வேலையும்: மூலக்குளத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சி என்றால் முதலில் மூலம் வேண்டும். பெயரிலேயே மூலத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊர் பக்கத்தில் இருக்கும்போது வேறிடம் தேடிப் போவானேன்? (மருத்துவர் சொல்லும் மூலத்தை வாசகர் இங்கே நினைக்க வேண்டாம்.) புதுச்சேரி இந்திரா காந்தி சிலையருகே விழுப்புரம் சாலையைப் பிடித்து, ரெட்டியார்பாளையம் தாண்டினால் மூலக்குளம். மஞ்சள் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள வருகிற கூட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. ஆகவே இங்குள்ள பரண்களைச் சுற்றுலாவின் கறை படியாத களமாகக் கொள்ளலாம். ஆய்வுப் பொருள், அந்தப் பரண்மேல் மஞ்சப்பைக்குள் கிடக்கும் ஒட்டுப்போர்வை. அடியில் நான்கு மடிப்பு பழைய நூல் புடவை. மேலே டைலர் கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணி. மூன்றில் ஒரு பங்கு தைத்திருக்கும். நின்ற இடத்தில் ஊசி குத்தியபடியே துருப்பிடித்திருக்கும். என்றைக்கு முடியும் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் விடை ஒன்றுதான்: "வேலையெல்லாம் கொஞ்சம் ஓயட்டும்." நேரம் இல்லாததால் போர்வை முடியவில்லை என்பது இவ்விடையின் பொருள். உண்மை இதற்கு நேர்த் தலைகீழ் என்பது இக்கட்டுரையின் துணிபு. நேரம் இல்லை என்ற நிலையைக் கட்டிக் காப்பதற்காகவே போர்வை முடிக்கப்படாமல் இருக்கிறது.

சொல்லிலிருந்து தொடங்குவதுதான் மரபு. நிகண்டுகள் 'வேலை' என்பதைக் கடலுக்கும் பெயராகச் சொல்கின்றன. அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்ற பழமொழியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலை ஓயட்டும் என்பவர் கடல் ஓயட்டும் என்றுதான் சொல்கிறார் என்பது விளங்கும். புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு மாலை உட்கார்ந்த யாரும் அப்படி ஒரு நிபந்தனையை வாயால் சொல்லத் துணியமாட்டார்கள். இருந்தும் தினமும் சொல்கிறோம். மொழியியலார் இரண்டும் வெவ்வேறு சொல் என்று சண்டைக்கு வரக்கூடும். வரட்டும், போர்வை அதனால் ஓர் அங்குலமும் நகராது.

இனிச் சான்று. அதே வீட்டில், அதே கை, அதே பழந்துணியில் தைத்த மற்றப் பொருள்களைக் கவனிக்க வேண்டும். அடுப்பங்கரைக் கரித்துணி ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடுகிறது. வாசல் கால்மிதி இரண்டு நாளில் வாசலுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் பிரசவம் என்றால் பழைய வேட்டியையும் புடவையையும் அடுக்கித் தைக்கும் பிள்ளைத்துணி, வலி எடுப்பதற்கு முன்பே மூன்றாய் நான்காய் மடித்துத் தயாராக இருக்கிறது. அந்தப் பத்து மாதமும் வீட்டில் வேலை குறைந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. நேரமின்மைதான் காரணம் என்றால் அது கரித்துணியையும் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஓய்வு வந்தபின் செய்வதற்கென்று ஒதுக்கி வைத்த ஒன்று மட்டுமே நிற்கிறது. 1955இல் நார்த்கோட் பார்க்கின்சன் 'தி எகனாமிஸ்ட்' இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கையில் இருக்கும் நேரம் முழுவதையும் வேலை தானே பரவி நிரப்பிக்கொள்ளும் என்றது. அதற்கு அவர் காட்டிய சான்று, உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி முடிக்க ஒரு நாளையே செலவிடும் ஓய்வான மூதாட்டி. மூலக்குளம் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. இங்கே செய்யாத வேலையும் நேரத்தை நிரப்புகிறது. முடித்த காரியத்தைவிட முடிக்காத காரியமே நினைவில் தங்குகிறது என்று 1927இல் புளூமா ஸைகார்னிக் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைத் திரும்பச் சோதித்தபோது முடிவுகள் ஒத்துப்போகவில்லை என்பது வேறு விஷயம். சோதனைச்சாலையில் மஞ்சப்பை இல்லாதது காரணமாக இருக்கலாம். பரண்மேல் போர்வை இருக்கும்வரை, ஒரு தையலும் போடாமலே தலைக்குமேல் வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சொல் இங்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.

போர்வை குளிர் நாட்டுச் சரக்கு, தை மாத இரவிலும் 20 பாகையை ஒட்டியே நிற்கிற ஊருக்கு அது எதற்கு, அதனால்தான் முடியவில்லை என்பார் உளர். அற்றன்று. துன்னம் என்று தையலுக்குப் பெயர் வைத்ததும், துன்னகாரரைச் சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் குடியேற்றியதும் குளிர் நாட்டார் அல்லர். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் போகும் பொருநன் உடுத்தியிருந்தது, வேறு நூல் புகுந்து ஒட்டுப்போட்ட கந்தல். அதில் ஈரும் பேனும் குடியிருந்ததைப் புலவர் மறைக்கவில்லை. நம் கந்தை, வடமொழிக் கந்தா, வங்காளத்துக் காந்தா எல்லாம் ஒரே மூட்டையிலிருந்து உதிர்ந்தவை. வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தியர் பெண்கள் இன்றும் பழந்துணியில் 'கவண்ட்' என்னும் போர்வை தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவது அவர்கள் முறை. நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் 'பூ' வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணமான போர்வை. முடிவு இன்னது என்று ஓர் அடையாளம் வைத்திருப்பவர்கள் முடிக்கிறார்கள். வெயில் அவர்களுக்கும்தான் அடிக்கிறது.

வேலை நேரம் குறைந்தால் போர்வை முடியும் என்ற கருதுகோளைச் சோதிக்கப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நெய்தே பிழைத்த ஊர் இது. இங்கே சாயமேற்றிய நீலத்துணி பிரெஞ்சுக்காரர் கப்பலில் செனகல் வரை போய், அங்கே பிசின் வாங்கும் பணமாகவே புழங்கியது. பிறகு சவானா, ரோடியர், கப்ளே என்று ஆலைகள். 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த சவானா ஆலைத் தொழிலாளர்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக, 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த மணிகளை உயிர் கொடுத்து வாங்கினார்கள். அதில் வேடிக்கை செய்ய ஒன்றும் இல்லை. வேடிக்கை அதற்குப் பின்னால் வந்த நம்மிடம்தான். எட்டு மணிக்கு மேற்பட்ட நேரம் பயணத்துக்கும், டியூஷனுக்கும், கைப்பேசிக்கும், "ரொம்ப பிஸி" என்று சொல்லி முடிப்பதற்கும் போயிற்று. 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை ஏ.எப்.டி.யாகப் பெயர் மாறி, 2020இல் ஒரேயடியாக மூடப்பட்டது. சங்கு ஓய்ந்ததால் பரண் காலியாகவில்லை. வேலை இழந்தவர் கையில் மிஞ்சுவது நேரமே தவிர ஓய்வு அன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் எந்த ஆலை வாசலிலும் நின்றிருக்க மாட்டார்கள்.

எதிர்வாதங்களில் உண்மையாகவே வலுவுள்ளது ஒன்று உண்டு. எட்டு மணி நேரச் சட்டம் அடுப்படிக்குள் நுழையவில்லையே, அங்கே நேரமின்மை பாசாங்கு அன்றே என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி 2019இல் வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குக் கொடுத்தது 299 நிமிடம், ஆண்கள் கொடுத்தது 97 நிமிடம். 2024இல் அது பெண்களுக்கு 289 ஆகவும் ஆண்களுக்கு 88 ஆகவும் இறங்கியது. தையல் என்றால் பெண் என்றும் பொருள் சொன்ன மொழி ஊசியை யார் கையில் கொடுத்ததென்று விளக்க வேண்டியதில்லை. கூலி கிடைக்கிற டைலர் கடையில் ஆண் விரல் அழகாக ஓடுகிறது. வீட்டுப் பரண்பக்கம் வந்ததும் அதற்கு ஊசியில் நூல் கோக்கக்கூடக் கண் தெரிவதில்லை. இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும், ஐந்தாண்டில் மிச்சமான அந்த 10 நிமிடத்தைக் கணக்கில் கொண்டு பார்ப்போம். போர்வை ஆறடி நீளம், நாலடி அகலம். அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டுத்தையல் என்றால் 48 வரி, மொத்தம் 288 அடி. கால் அங்குலத்துக்கு ஒரு தையலாக 13,824 தையல். அவசரமில்லாமல் நிமிடத்துக்கு 20 போட்டால் நாளைக்கு 200. எழுபதாவது நாள் தீர்ந்துவிடும். ஐப்பசி முதல் தேதி ஊசி எடுத்தால் மார்கழிப் பனிக்குள் முடிந்துபோகும். தையல் 288 அடி, வீட்டு வேலை 289 நிமிடம்: இதைத் தற்செயல் என்று விட்டுவிடுகிறவர் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை. இதில் ஒரே நிபந்தனை, அந்தப் பத்து நிமிடம் பாத்திரம் துலக்கிய பிறகு வரக்கூடாது, துலக்குவதற்கு முன் வர வேண்டும். பின்னால் வைத்தால் கடல் ஓய வேண்டும். முன்னால் வைத்தால் எச்சில் பாத்திரம் ஒரு பத்து நிமிடம் கிடக்கும், அவ்வளவுதான். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான் அந்தப் பத்து நிமிடத்தின் விலை. பரபரப்பை விடுவது என்று பெரிதாகப் பேசப்படுவதெல்லாம் மூலக்குளத்து அளவில் இந்த விலையைக் கொடுப்பதுதான்.

இவ்வளவு பாடு எதற்கு, தையல்கடையில் கொடுத்தால் மிஷினில் ஒரு மணி நேரத்தில் அடித்துவிடுவார்களே என்பது அடுத்த மறுப்பு. பழந்துணிக்குப் பாத்திரம் தருகிறவரிடம் போட்டு ஓர் எவர்சில்வர் டப்பா வாங்கலாமே என்பது அதற்கடுத்தது. இரண்டும் அறிவான யோசனை. கட்டின பட்டையும் கொடுக்கத் துணிகிற வீட்டில்கூட அந்த மஞ்சப்பை மட்டும் வாசலுக்கு இறங்குவதில்லை என்பதால் இரண்டும் இங்கே செல்லா. இறக்கிவிட்டால், மறுநாள் முதல் நேரம் இல்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும். இனி, எழுபது நாள் கழித்து முடிந்துபோன போர்வையைச் சித்திரை வெயிலில் என்ன செய்வது என்ற கேள்வி ஒன்று எஞ்சுகிறது. பீரோவில் இடம் இல்லை. பரணில் ஒரு மஞ்சப்பை அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது.