எட்டாத எட்டு

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. போகிற போக்கில் படப்பையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தையும் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனது. விறகுக்குக் கேட்டவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. சா மில்லில் பலகையாக அறுத்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கினேன். "காயட்டும், பெஞ்சு செய்யலாம்" என்று வீட்டில் சொன்னேன். ஒரு இன்ச் பலகை காய ஒரு வருஷம் போதும் என்பார்கள். நான் ரிட்டையர் ஆகும்வரை காயவிட்டேன். அவ்வளவு பக்குவமாகக் காய்ந்த வேம்பு செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இரண்டு மாவட்டத்திலும் இருக்காது.

பெஞ்சு என்ன பெரிய வித்தை? மேலே பலகை, கீழே நாலு கால், காலுக்கு இரண்டு ஸ்க்ரூ. பழைய ஆசாரிகள் கழுந்தும் துளையுமாகச் செதுக்கி, ஓர் ஆணிகூட இல்லாமல் சேர்த்துவிடுவார்கள். அது வராதவர்களுக்காகத்தான் ஸ்க்ரூ பிறந்தது. நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் "எட்டு ஸ்க்ரூ கொடுப்பா" என்றேன்.

"எட்டு நம்பரா, எட்டு எம்.எம்.மா சார்?"

"எட்டே எட்டு."

கடைப் பையன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. எட்டு நம்பர் என்றால் கனம் ஏறக்குறைய 4.2 மில்லிமீட்டர். எட்டு எம்.எம். என்றால் சுவரில் செருகும் பிளக்கை எடுத்து நீட்டுவார்கள். எட்டு நூல் என்று சொல்லியிருந்தால் அது ஒரு இன்ச். என் பலகையின் கனமே அதுதான். டூவீலர் லைசென்ஸுக்கு எட்டு போட்டபோதுகூட நான் இவ்வளவு தடுமாறவில்லை.

டப்பாவைப் பார்த்துத் தெளியலாம் என்றால் அதில் 50×8 என்று இருக்கிறது. ஐம்பது, மில்லிமீட்டரில் நீளம். எட்டு, பழைய இங்கிலீஷ் நம்பரில் கனம். பிரெஞ்சுக்காரன் கண்டுபிடித்த அளவையும் வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவையும் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள். பெருக்கினால் நானூறு வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"சி.எஸ்.கே. போதுமா சார்?" என்றான் பையன் அடுத்து.

நான் சந்தோஷமாக, "இந்த வருஷம் பவுலிங் சரியில்லையேப்பா" என்றேன். அவன் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினான். தலை மரத்துக்குள் அமுங்கி மட்டமாக உட்காரும் ஸ்க்ரூவுக்கு, கவுன்டர்சங்க் என்பதைச் சுருக்கி, சி.எஸ்.கே. என்று பெயராம். அந்த ஸ்க்ரூ மஞ்சளாக வேறு இருந்தது. துரு பிடிக்காமலிருக்கத் துத்தநாகப் பூச்சு பூசி, மேலே ஒரு மஞ்சள் மருந்தில் முக்கி எடுப்பது வழக்கம் என்கிறார்கள். இருந்தாலும் என் மேல் தப்பில்லை. சென்னையில் ஒரு பொருளை மஞ்சளாக்கி அதற்கு சி.எஸ்.கே. என்றும் பெயர் வைத்தால் மனுஷன் என்னதான் நினைப்பான்?

நூறு ஸ்க்ரூ உள்ள டப்பாவாகத்தான் தருவேன் என்றான். எட்டுக்காக நூறா என்று கஞ்சத்தனம் பார்த்தேன். அங்கேதான் சறுக்கினேன். வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டபோது மிஞ்சிய கறுப்பு ஸ்க்ரூ ஒரு பை நிறைய இருந்தது. கூர்மை, பளபளப்பு, ஓசி. வேறென்ன வேண்டும்?

மகன் வாங்கித்தந்த பேட்டரி டிரில்லில் மாட்டி அழுத்தினேன். முக்கால்வாசி இறங்கியது. பிறகு 'டக்'. தலை தனி, உடல் தனி. இரண்டாவதும் அப்படியே. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்துத் தெரு ஆசாரி, "சார், அது ஜிப்சம் போர்டுக்குப் போடுறது. வேம்பு அதைக் கடிச்சுத் துப்பிடும்" என்றார். மெல்லிய உடம்பைச் சூடுபோட்டு இறுக்கிவைத்த ஜாதி அது. வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். எங்கள் ஆபீசில் அப்படி ஒரு மேனேஜர் இருந்தார்.

அந்த ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் பிளஸ் குழிக்கு நம் கடைகளில் ஸ்டார் என்று பெயர். 1930-களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் அதைக் கார் கம்பெனிகளிடம் கொண்டுபோய் விற்றார். காடிலாக் காரில் முதலில் ஏறியது. அவருக்கு முன்பே கனடாவில் ராபர்ட்சன் என்பவர் சதுரக் குழி வைத்த ஸ்க்ரூவைச் செய்திருந்தார். ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கையைக் கிழித்ததுதான் அதற்குக் காரணம் என்று சொல்வார்கள். அதே கிழிசல் எனக்கும் இரண்டு விரலில் உண்டு. பேண்ட்எய்டுக்கு மேல் எதுவும் கண்டுபிடிக்கத் தோன்றவில்லை.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம். எங்கள் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் மேற்கே போனால் ஒரகடம். கார், லாரி, புல்லட் என்று நாள் முழுக்க மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த மரையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அங்கே கணக்கு உண்டு. அந்த வண்டிகளெல்லாம் போகும் வழியில் உட்கார்ந்துகொண்டு, நாலு காலை ஒரு பலகையோடு சேர்க்க முடியாமல் நான் முழிக்கிறேன்.

ஆசாரி தன் பையிலிருந்து எட்டு ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தார். அதே 50×8, அதே மஞ்சள். பாடமும் நடத்தினார்: மேல் பலகையில் நாலரை எம்.எம். ஓட்டை, ஸ்க்ரூ தாராளமாக நுழைய வேண்டும். காலில் மூன்று எம்.எம்., மரை கடித்துப் பிடிக்க வேண்டும். மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். "ஸ்க்ரூவுக்கு வழி விட்டாத்தான் சார் அது வேலை செய்யும்." நான் பயபக்தியோடு தலையாட்டினேன். ஏழு இறங்கியது. எட்டாவது முறை பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆசாரி அரை நொடி யோசித்தார். திருகாணி என்ற சொல்லில் திருகை விட்டுவிட்டு ஆணியை மட்டும் எடுத்துக்கொண்டார். சுத்தியலால் நாலு போடு. கடைசி இரண்டு சுற்று மட்டும், ஒரு சாஸ்திரத்துக்கு, திருகினார்.

என் சம்சாரம் எல்லாவற்றையும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கம்மல் திருகாணி அந்தக் கம்மலுக்குச் சேராதுன்னு எட்டு வயசுலயே எங்களுக்குத் தெரியும். இதுக்கு மூணு நாளா?" என்றாள். மரை கழண்டது பெஞ்சுக்கு இல்லை என்றும் முணுமுணுத்ததாக ஞாபகம்.

பெஞ்சு இப்போது வாசலில் இருக்கிறது. இடது காலில் உடைந்த கறுப்பு ஸ்க்ரூ இரண்டும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. சுத்தியலால் அடித்த எட்டாவதும் அதே காலில்தான். படப்பைப் பக்கம் வந்தால் அவசியம் வாருங்கள், காபி சாப்பிடலாம். உட்காரும்போது இடது ஓரம் மட்டும் வேண்டாம்.