மறைபொருள் தேடும் மகாஜனங்களே

தேக்கா காப்பிக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், நம் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் எப்பேர்ப்பட்ட வரலாற்று மேதைகள் என்பது விளங்கிவிடும். "ரிங்கா ரிங்கா ரோசஸ் இருக்கே, அது பிளேக் நோயைப் பத்தின பாட்டாம்ணே!" கருப்பு ஆட்டுப் பாட்டு 1275இல் எட்வர்டு அரசன் கம்பளிக்குப் போட்ட வரியாம். லண்டன் பாலத்துக்கு அடியில் குழந்தையை நரபலி கொடுத்துப் புதைத்தார்களாம். ஹம்ப்டி டம்ப்டி முட்டையே இல்லையாம், பீரங்கியாம். எல்லாம் வாட்சப் அருளியது.

பிளேக் கதையை ஆங்கிலேய அறிஞர்களே ஏற்கவில்லை. லண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியது 1665இல். பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியது 1881இல். குழந்தைப் பாடல்களையே ஆயுள் முழுக்கத் தொகுத்த ஓப்பி தம்பதியர் அந்த விளக்கத்தை ஓரம் கட்டிவிட்டார்கள். போகட்டும், இருநூறு வருஷம் ஒப்பாரியை அடக்கி வைத்திருந்தார்கள் போலும்.

முட்டை விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. சுவர்மேல் உட்கார்ந்த முட்டையின் பூர்வீகத்தைத் துருவுகிற நமக்கு, சுவருக்குள் போன முட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தின் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், அதை 1856 முதல் 1861 வரை கட்டியவர்கள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். மதராஸ் சுண்ணாம்பு என்றே அந்தப் பூச்சுக்குப் பெயர். சிராங்கூன் சாலையில் சூளை போட்டுச் செங்கல் சுட்டதும் கைதிகளே. 1869இல் முடிந்த கேவனா பாலத்திலும் அவர்கள் உழைப்பு உண்டு. நம் பிள்ளைகளோ பாலர் பள்ளியில் லண்டன் பாலம் இடிந்து விழுவதற்குக் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மறைபொருளில் அவ்வளவு ஆசை இருந்தால் ஊதா ரயிலில் ஏறுங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து நாலே நிறுத்தம்: டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க். ராகம் போட்டால் நல்ல பாட்டு. மறைபொருள் அந்தக் கடைசிப் பெயரில் இருக்கிறது.

இந்தியாவில் 1857 சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தபோது சிங்கப்பூர் கல்கத்தாவின் ஆட்சிக்குக் கீழ் இருந்தது. மறு வருஷமே இங்குள்ள நகராட்சி, கிளர்ச்சியை நசுக்கிய மூன்று தளபதிகளின் பெயரைச் சாலைகளுக்குச் சூட்டி மகிழ்ந்தது: ஊட்ரம், ஹேவ்லாக், நீல். இந்த நீல் மதராஸ் படையைக் கூட்டிக்கொண்டு வடக்கே போனவர். அலகாபாத்தில் கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட வைத்தார். கான்பூரில், பிடிபட்டவர்களைத் தூக்கில் போடுவதற்கு முன் தரையில் உறைந்திருந்த ரத்தத்தை நக்க வைத்தார். அது அங்கே வெட்டிக் கொல்லப்பட்ட ஆங்கிலப் பெண்கள், குழந்தைகளின் ரத்தம். அந்தப் படுகொலைக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். ஆனால் அலகாபாத் தூக்குமரங்கள் அதற்கு முந்தைய மாதமே நிறைந்துவிட்டன.

சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற இந்த நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது, பலர் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அரசு சிலையைத் தூக்கியது; அது அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே என்ன நடந்தது? மாரியம்மன் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு சவுத் பிரிட்ஜ் சாலையில் நேரே நடந்தால் நீல் சாலை வந்துவிடும். கேட்க நாதியில்லை.

அது வெள்ளைக்காரன் வைத்த பழைய பெயர் என்று சொல்லிவிடாதீர்கள். 2022இல், சுதந்திரச் சிங்கப்பூரில் திறந்த புத்தம்புது எம்ஆர்டி நிலையத்துக்கும் ஹேவ்லாக் என்றுதான் பெயர். நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று என்ற பெருமை நம் தமிழுக்கு உண்டல்லவா? அதனால் தளபதிகளை அழகான தமிழ் எழுத்தில் படித்து இறங்கலாம். தூக்குக் கயிற்றுக்கும் மொழிபெயர்ப்புக் குழு!

பெயர்களை மாற்றச் சொல்லவில்லை. பலகை அச்சடிக்கும் செலவு பெரிது, தன்மானம் மலிவு. உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது, பட்டிமன்றங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகளை நீல் சாலைக்குக் கூட்டிப் போய் அந்த ஆள் யார் என்று சொல்லிக்கொடுங்கள்.