மவுஸ் ஞாயம்

வா கண்ணு, திண்ணையில ஏறி உக்காரு. அப்பிச்சிகிட்ட ரோசன கேக்க வந்தயா, காசு கேக்க வந்தயா? செரி, ரெண்டும் ஒண்ணுதான், காயிதத்தக் குடு. ம்... மவுஸ் ஒண்ணு. ஏழு கலருல வெளிச்சம் போடுது. எடை கொறையோணும்னு முதுகு பூரா ஓட்டை போட்டிருக்கான். ஓட்டைக்கும் சேத்துத்தான் வெல போட்டிருப்பானாட்ட இருக்குது. அப்புறம் 26,000 டிபிஐயாம்.

எனக்கென்ன கண்ணு தெரியும், ஆயுசு பூரா கணபதியில, வார்ப்புக்கு மர அச்சு செய்யற பேட்டர்ன் பட்டறையில மரஞ் சீவுனவன். ஆனா இஞ்சுக் கணக்கு தெரியும். டிபிஐன்னா கை ஒரு இஞ்சு நகந்தா மவுஸ் எத்தன புள்ளி எண்ணுதுங்கற கணக்குத்தான? உன்ற திரை குறுக்கால 1,920 புள்ளி. அப்ப 26,000 வச்சுக்கிட்டு நீ ஒரு இஞ்சு நகத்துனா, அந்த அம்பு உன்ற திரையப் பதிமூணு தடவ தாண்டிப் பக்கத்து ஊட்டுக்காரன் திரைக்குப் போயிருமே சாமி. நீ கம்ப்யூட்டர்ல மாடல் போடறப்ப புடிக்கப் போறது ஒரு பம்ப்பு இம்பெல்லரோட றெக்கை ஓரம். அதுக்கு 800-ல இருந்து 1,600 வரைக்கும் இருந்தாப் போதும். அது கடையில கெடக்கற சாதாரண மவுஸ்லயே இருக்குது. ஆனா அதுல வெளிச்சம் வராது. அந்த ஒரு கொறையத் தாங்கிக்க முடியுமான்னு நீயே உன்ற நெஞ்சத் தொட்டுச் சொல்லு.

இன்னொண்ணையும் கேட்டுப்போடறேன். போன மாசம் கண்ணாடி மேசை ஒண்ணு வாங்குனயே, வீடியோவுல பாக்கறதுக்கு நல்லா இருக்கும்னு. பாதி மவுஸுக்குக் கண்ணாடி கண்ணுக்கே தெரியாது. அடியில இருக்கற சென்சார் மேசையோட சொரசொரப்பப் பாத்துத்தான் நகந்தத எண்ணுது. வழவழன்னு கண்ணாடி இருந்தா அது எதப் பாக்கும்? கண்ணாடியில ஓடற மவுஸும் வந்திருக்குது, இல்லீங்கல. ஆனா மேசைக்காக மவுஸ் வாங்கற மொத ஆளு நீயா இருக்காத. பழைய ரப்பர் பாய் ஒண்ண விரிச்சுப் போடு.

நீ கேக்காத ஒண்ணு இருக்குது, அதச் சொல்றேன். சக்கரம். சக்கரத்த உருட்டறதப் பத்தி எல்லாரும் பேசறாங்க. அமுக்கறதப் பத்தி எவன் பேசறான்? நீ மாடல் போடற சாஃப்ட்வேருகளையே பாரு. சாலிட்வொர்க்ஸ்ல சக்கரத்த அமுக்கிப் புடிச்சாத்தான் மாடல் சுத்துது. கன்ட்ரோலோட அமுக்குனா நகருது, ஷிஃப்ட்டோட அமுக்குனா கிட்ட வருது, எட்டப் போகுது. ஆட்டோகேட்ல அமுக்கி இழுத்தா படம் நகருது, ரெண்டு தட்டுத் தட்டுனா மொத்தப் படமும் திரைக்குள்ள வந்து நிக்குது. ஃபியூஷன்ல சக்கரத்த அமுக்குனா நகரும், ஷிஃப்ட்டோட அமுக்குனா சுத்தும். பிளெண்டர்ல நேர் தலைகீழ், அமுக்குனா சுத்தும், ஷிஃப்ட்டோட அமுக்குனா நகரும். இந்த ரெண்டு கம்பெனிக்காரனும் ஒரே ஊர்ல பொண்ணு எடுத்துச் சண்டை போட்டுக்கிட்டவங்களோ என்னவோ. நீ மாறி மாறி ரெண்டுலயும் வேல செய்யற. காலையில சுத்தோணும்னா நகருது, சாயங்காலம் நகரோணும்னா சுத்துது. அப்ப நீ மவுஸத் திட்டற. பாவம், அது என்ன பண்ணும்?

அதனால கடைக்குப் போனா மொதல்ல சக்கரத்த அமுக்கிப் பாரு. சிலதுல அமுக்கறதுக்குள்ள வெரல் வீங்கிரும். சிலதுல அமுக்கறப்பவே அது தானா உருண்டு மாடல எட்டத் தள்ளிரும். சக்கரம் பக்கவாட்டுல சாயற சாதியும் இருக்குது, நீ அமுக்கோணும்னு நெனச்சா அது சாஞ்சுக்கும். இந்த ரோதனையப் பாத்துத்தான் 3டிகனெக்ஷன்காரன் கேட்மவுஸ்னு ஒண்ணு போட்டான். அதுல சக்கரம் வேற, நடுப் பொத்தான் வேற. மூணு பொத்தானும் முழுசா வெரலுக்குக் கெடைக்கும். பக்கவாட்டுல இருக்கற பொத்தானுல எஸ்கேப்பையும் என்டரையும் வச்சுக்க. நீ நாளுக்கு எத்தன தடவ எஸ்கேப்ப அமுக்கறங்கறத நானும் திண்ணையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கறேன். பாதி தடவ அதுகூடப் பத்தாம வாயிலயும் என்னமோ சொல்ற, உன்ற அம்மிச்சி காதுல விழாத வரைக்கும் செரி.

லேப்டாப்புல இருக்கற தகட்டத் தடவியே வேல பாத்துக்கறேன்னு ஒருத்தன் சொன்னான்னு சொன்னயே, அவன் மாடல் போடறானா, இல்ல சோசியம் பாக்கறானா?

இரு, உனக்கு ஒரு சங்கதி. மொத மவுஸ எதுல பண்ணுனாங்க தெரியுமா? மரத்துல! 1964-ல கலிஃபோர்னியாவுல மென்லோ பார்க்னு ஒரு ஊர்ல, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துல டக்ளஸ் எங்கெல்பார்ட்டுனு ஒருத்தரு ரோசன சொல்ல, பில் இங்கிலீஷுங்கற எஞ்சினியரு அதச் செஞ்சு குடுத்தாரு. மரக்கட்டையக் கொடஞ்சு, உள்ளாற ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா ரெண்டு சக்கரம், மேல ஒத்தப் பொத்தான். நம்ம பட்டறையிலயா இருந்தா மத்தியானச் சோத்துக்கு முன்னாடி செஞ்சு எறிஞ்சிருப்போம்னு சொல்லலாம், ஆனா அதச் செய்யோணும்னு நமக்குத் தோணல பாரு. 1970-ல காப்புரிமை வந்துச்சு, நிறுவனத்துக்கு. எங்கெல்பார்ட்டுக்கு ராயல்டின்னு ஒத்த ரூவா வரல. நானும் பாத்திருக்கறேன், வார்ப்புல கம்பெனி பேரு எழும்பி நிக்கும், பேட்டர்ன் செஞ்சவன் பேரு எங்க இருக்கும்?

அதுக்கும் முன்னாடியே திரையில படம் வரையறது இருந்துச்சு. 1963-ல எம்ஐடியில ஐவன் சதர்லேண்டுனு ஒரு படிக்கற பையன், ஸ்கெட்ச்பேட்னு ஒண்ணு பண்ணுனான். மவுஸே கெடையாது, ஒளிப் பேனா. திரைக்கு நேரா கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே வரையோணும். நீயா இருந்தா அர மணி நேரத்துல தோள்பட்டைக்கு எண்ண தேய்க்கச் சொல்லியிருப்ப.

நான் பழங்கதை பேசறேன்னு கொட்டாவி விடாத. விசயம் இங்கதான் இருக்குது. சதர்லேண்டு வலது கையில பேனா புடிச்சப்ப, கோடு, வட்டம்னு கட்டளை குடுக்கறதுக்குப் பொத்தான் பொட்டி ஒண்ணு தனியா இருந்துச்சு. எங்கெல்பார்ட்டு 1968 டிசம்பர் 9-ல சான்ஃபிரான்சிஸ்கோவுல சபையில உக்காந்து செஞ்சு காட்டுனப்ப, வலது கைக்கு மவுஸ், இடது கைக்கு அஞ்சு கட்டை வச்ச ஒரு பலகை. உலகம் மவுஸ மட்டும் எடுத்துக்கிட்டு அந்தப் பலகைய விட்டுப்போட்டு வந்திருச்சு. இப்ப நீ சொல்லு, நீ மாடல் போடறப்ப உன்ற இடது கை என்ன சோலி பாக்குது? நான் சொல்லட்டுமா? முறுக்குத் தட்டத் துழாவிக்கிட்டு இருக்குது. முறுக்கு தீந்தா போன எடுக்குது.

பட்டறையில இடது கை கட்டையத் திருப்பித் திருப்பிக் காட்டும், வலது கை உளி போடும். ஒத்தக் கையில திருப்பி, கீழ வச்சு, உளி எடுத்து, ஒரு சீவல் சீவி, உளிய வச்சு, மறுபடி திருப்புனா அந்தி சாயறதுக்குள்ள ஒரு மூலை முடியாது. நீ அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கற. சக்கரத்த அமுக்கித் திருப்பற, விடற, ஓரத்தப் புடிக்கற, மறுபடி அமுக்கற.

இதுக்குத்தான் ஸ்பேஸ்மவுஸ். இடது கைக்கு ஒரு குமிழி. தள்ளு, இழு, தூக்கு, அமுக்கு, சாய், திருகு, ஆறு வழியிலயும் மாடல் கூடவே வரும். இது ஜெர்மன் விண்வெளி மையத்துக்காரங்க ரோபோக் கைய ஆட்டறதுக்காகப் பண்ணுன வேலையில இருந்து வந்தது. 1993-ல கொலம்பியா விண்கலத்துல ரோடெக்ஸ்னு ஒரு ரோபோக் கை போச்சு, அத உள்ள இருந்தவங்க இந்த மாதிரி ஒரு குமிழிய வச்சுத்தான் ஆட்டுனாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன், இதுல அம்பு நகராது. மவுஸ வித்துப்போட்டு இத வாங்கிட்டு வந்து திரையப் பாத்து முழிக்காத, ரெண்டும் வேணும். மொத வாரம் மாடல் கெறங்கிப்போய்ச் சுத்தும். வேகத்தக் கொறச்சு வையி, பழகிரும்.

வெல சாஸ்திதான். அதனால மொதல்ல காசில்லாத வழியப் பாரு. முறுக்குத் தட்ட அக்கட்ட நகத்திப்போட்டு இடது கையக் கீபோர்டு மேல வையி. சாலிட்வொர்க்ஸ்ல எஸ்ஸ அமுக்குனா உனக்கு வேண்டிய கருவியெல்லாம் அம்பு கிட்டயே வந்து நிக்கும். பிளெண்டர்ல ஜி நகத்தும், ஆர் திருப்பும், எஸ் பெருசாக்கும். இதுல கை படிஞ்ச பொறவும் ஆசை இருந்துச்சுன்னா குமிழி வாங்கலாம்.

பேனாப் பலகை உனக்கு வேண்டாம். அய்யனார் மூஞ்சி, குதிர, மீசைன்னு உருவஞ் செதுக்கறவனுக்கு அது சாமி வரம், கை அமுத்தறதுக்குத் தக்கன ஆழம் போகும். நீ வேல பாக்கறது 42.5 மில்லிமீட்டருன்னு தட்டற வேல. ஒவ்வொரு எண்ணுக்கும் பேனாவக் கீழ வச்சு எடுக்கோணும். அத வாங்கிட்டு வந்தா நாலாம் நாள் உங்கொம்மா மளிகைக் கணக்கு எழுத எடுத்துக்குவா.

பந்து உருட்டற டிராக்பாலு மணிக்கட்டுக்கு நல்லது, கை ஒரே எடத்துல நிக்கும். கனடாக் கடற்படைக்காக 1952-ல பவுலிங் ஆடற பந்த வச்சே ஒண்ணு பண்ணிப் பாத்தாங்க. ஆனா பொத்தான அமுக்கிப் புடிச்சுக்கிட்டே பந்த உருட்டறது பழகோணும். கட்டவெரல்ல உருட்டற சாதின்னா அந்த ஒத்த வெரலே எல்லாப் பாடும் படோணும். பந்தக் கழட்டி அடியில சேர்ற அழுக்க அப்பப்பத் தொடைக்கோணும். நீ டீ டம்ளரையே கழுவி வைக்காதவன், அதனால யோசிச்சுக்க.

மணிக்கட்டு விசயத்துல மட்டும் நான் வெளையாடல கண்ணு. ராத்திரியில கட்டவெரல், ஆள்காட்டி, நடுவெரல் மூணும் மரத்துப்போகுதுன்னா, மணிக்கட்டுல நரம்பு அழுந்துதுன்னு அர்த்தமாகலாம். அப்ப மவுஸ மாத்திப் பாத்துக்கிட்டு இருக்காத, டாக்டரப் போய்ப் பாரு. கைய நிமுத்திப் புடிக்கற மாதிரி செங்குத்து மவுஸ் வருது, செல பேருக்குச் சொகமா இருக்கும். எதுவானாலும் டவுனுக்குப் போய்க் கையில புடிச்சுப் பாத்து வாங்கு. உன்ற கை என்ற கையாட்ட முறமா இருக்குது, பைக்குள்ள அடங்கற குட்டி மவுஸ வாங்குனா வெரல மடக்கிக்கிட்டே காலந் தள்ளோணும்.

காசா? தாரேன், தாரேன். அதுக்கு முன்னாடி நேத்துக் காட்டுனயே அந்த வால்யூட் கேசிங், அதத் தொற. பாரு இங்க, செவுரெல்லாம் நட்டுக்குத்தலா நிக்குது. உருவறதுக்கு வைக்கற சாய்வு, அந்த டிராஃப்ட் எங்க? இப்புடியே பேட்டர்ன் பண்ணுனா மண்ணுல இருந்து உருவறப்ப அச்சுப் பூராவும் பேந்துக்கிட்டு வரும். வார்ப்பிரும்பு ஆறறப்ப மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்குமே, அதையாச்சும் சேத்தயா, இல்லயா? என்னத்துக்கு மவுஸப் பாக்கற, என்னயப் பாத்துச் சொல்லு.