காலாவதிப் புராணம்

1990களின் நடுவில் நெட்ஸ்கேப்காரர்கள் பிரவுசருக்கு ஒரு பூட்டைச் செய்தார்கள். ‘இது அசல் கடைதான்’ என்று சான்றிதழ் கொடுக்க 1995இல் வெரிசைன் கிளம்பியது. சான்றிதழிலேயே காலாவதித் தேதியும் உண்டு. விற்றவருக்கு அது திரும்பத் திரும்ப வரும் வசூல். வாங்கியவருக்கு, போன வருஷமே வேலையை விட்டுப் போனவரின் மெயிலுக்குச் சமர்த்தாகப் போய்ச்சேரும் நினைவூட்டல்.

பிறகு நடந்ததெல்லாம் மறதியின் திருவிளையாடல். 2013 பிப்ரவரியில் மைக்ரோசாப்டின் அஸூர் சேமிப்பகம் உலகம் முழுக்கப் படுத்தது. காரணம், சான்றிதழ் காலாவதி. சரி, சூடு கண்ட பூனை என்று பார்த்தால், 2020 பிப்ரவரியில் டீம்ஸ் படுத்தது. அதே காரணம். பிப்ரவரி ஏனோ அவர்களுக்கு ஆகிவருவதில்லை.

நடுவில் 2018 டிசம்பர் 6. பொழுது விடிவதற்குள் பிரிட்டனில் ஓ-டூ வலையமைப்பை நம்பியிருந்த 3.2 கோடிப் பேருக்கு டேட்டா போச்சு. அடுத்த பஸ் எப்போது என்று காட்டும் லண்டன் நிறுத்தப் பலகைகளும் ஊமையாகின. அதே நேரம் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் மதியம் 1.39க்குச் சாய்ந்து மாலை 6.04க்கு எழுந்தது. பாவம், அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குள் நுழைய இரண்டு வாரம்கூட இல்லை. ஹேக்கரா, அந்நிய ஒற்றனா? இரண்டு நிறுவனங்களுக்கும் கருவி கொடுத்த எரிக்சன் குடைந்து பார்த்துவிட்டுச் சொன்னது: எங்கள் மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழின் ஆயுள் முடிந்துவிட்டது. இணையதளச் சான்றிதழ்கூட இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி!

அந்த மாதக் கடைசியில் அமெரிக்காவில் வேறு கூத்து. எல்லைச் சுவருக்குப் பணம் கேட்டு டிரம்ப் அடம்பிடிக்க, அரசாங்கம் 35 நாள் கடையைச் சாத்தியது. புதுப்பிக்க ஆளில்லாமல் எண்பதுக்கும் மேற்பட்ட அரசுத் தளச் சான்றிதழ்கள் காலாவதியாகின. எல்லையில் சுவர் எழுவதற்குள் நீதித் துறைத் தளம் ஒன்றின் முன்னால் எழுந்துவிட்டது.

இதற்கெல்லாம் பெரியவர்கள் கண்ட வைத்தியம், ஆயுளை இன்னும் குறைப்பது! மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறந்தவன் மாதாமாதம் மறந்து பழகட்டும் என்றா? சும்மா சொல்லக்கூடாது, அதில் நியாயமும் உண்டு. திருட்டுப்போன சான்றிதழை ரத்து செய்தாலும் பிரவுசர்கள் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதுவாகச் சீக்கிரம் செத்தால்தான் உண்டு. அடிக்கடி புதுப்பிக்க நேர்ந்தால் மனிதன் அலுத்துப்போய் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடுவான். 2015 முதல் 90 நாள் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் இதைச் செய்தே காட்டிவிட்டது.

ஆயுள் 39 மாதம், 825 நாள் என்று தேய்ந்துகொண்டே வந்தது. 2019இல் அதை ஒரு வருஷமாக்க, சான்றிதழ் வியாபாரிகளும் பிரவுசர்காரர்களும் கூடும் மன்றத்தில் கூகுள் தீர்மானம் கொண்டுவந்தது. சான்றிதழ் வியாபாரிகள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். ஜனநாயகம் வென்றது. அதற்கு ஆயுள் ஐந்து மாதம். 2020இல் ஆப்பிள், ‘செப்டம்பர் முதல் 398 நாளைத் தாண்டினால் சஃபாரி ஏற்காது’ என்றது. தோற்ற தீர்மானம் சட்டமாயிற்று.

2025 ஏப்ரலில், 2029க்குள் 47 நாளாக்கும் தீர்மானத்தை அதே ஆப்பிள் கொண்டுவந்தபோது எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. ஆதரித்தவர்களில் மைக்ரோசாப்டும் உண்டு. அமலாவது மார்ச்சில்தான், நல்லவேளை, பிப்ரவரியில் இல்லை.