மேற்படி நிலா

ஓய்வுக்கால எழுத்தாளர் என்னும் வகையினர், அரசு அலுவலகத்தில் முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, பிரிவுபசார விழாவில் மாலையும் மோதிரமும் பெற்று வீடு திரும்பிய மூன்றாம் மாதத்தில் பேனாவைத் திறப்பவர்கள். தமிழ்நாடு அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டபோது அதன் நிதிக் காரணங்கள் விரிவாக அலசப்பட்டனவே ஒழிய, தமிழ் இலக்கியத்துக்கு அதனால் கிடைத்த இரண்டாண்டு அவகாசத்தை எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

இவரை எழுதத் தூண்டுவது எது என்பது ஆய்வுக்குரியது. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், எழுதுவதற்கான நோக்கங்களை நான்காக வகுத்துத் தன்முனைப்பை முதலில் வைத்தார்; சிறுவயதில் தம்மை அலட்சியம் செய்த பெரியவர்களைப் பழிதீர்க்கும் ஆசையையும் அதிலேயே அடக்கினார். நம்மவருக்கு அப்பெரியவர்களின் இடத்தில் ஒரு மேலதிகாரி இருக்கிறார், அவ்வளவே வேறுபாடு. முதல் நாவலின் வில்லனுக்கு அந்த அதிகாரியின் மூக்குக்கண்ணாடியும் வறட்டு இருமலும் தவறாமல் வந்து சேரும். ஆயினும் இது துணைக்காரணமே. பணியிலிருந்த காலமெல்லாம் இவர் எழுதியதைப் படித்தே தீரவேண்டியவர்கள் இருந்தார்கள். இவர் அனுப்பிய சுற்றறிக்கையைப் பிரிவு பிரிவாகப் படித்து, படித்ததற்குச் சான்றாகச் சுருக்கொப்பம், அதாவது பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கிறுக்கும் கையொப்பம், இட்டுத் திருப்பினார்கள். இன்றோ, குளியலறைக் கதவில் இவர் ஒட்டிவைத்த தண்ணீர்ச் சிக்கனக் குறிப்பைப் பேரன்கூடப் படிப்பதில்லை. சுருக்கொப்பமிடும் வாசகரை இழந்த துயரமே இவரை இலக்கியத்துக்குள் தள்ளுகிறது.

அலுவலகத்தை விட்டு இவர் வந்தாலும் அலுவலகநடை இவரை விட்டு வருவதில்லை. கவிதையின் முதலடியில் நிலாவாக உதித்தது, இரண்டாம் அடியில், முன்னர்க் குறிப்பிட்டதையே சுட்டும் அலுவலகச் சொல்லைத் தாங்கி, ‘மேற்படி நிலா’ ஆகிவிடுகிறது. இவருடைய கதாநாயகன் காதலைத் தெரிவித்த கையோடு, தக்க நடவடிக்கை எடுக்குமாறு நாயகியைக் கேட்டுக்கொள்கிறான். அவளும் பரிசீலிப்பதாகச் சொல்லிப் போகிறாள். மாவட்ட அலுவலகங்களில் காதலும் இவ்வாறே நடந்திருக்கக்கூடும் என்பதால் இதனை யதார்த்தவாதத்தில் சேர்ப்பாரும் உளர்.

அணிந்துரை வாங்கும் படலம் இதனினும் நீண்டது. நூலின் முகப்பில் நூலையும் நூலாசிரியரையும் சிறப்பித்துப் பாடுவது சிறப்புப்பாயிரம். நூல்செய்தவன் தன்னைத் தானே புகழ்தல் தகாதாகையால், ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் என்போருள் ஒருவர் அதனைச் செய்யவேண்டும் என்பது நன்னூலின் விதி. நம்மவரின் ஆசிரியர் காலமாகிவிட்டார். உடன்கற்றவரோ தம் நூலுக்கு இவரிடமே அணிந்துரை கேட்டு அலைகிறார். எனவே, ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்கள் அறுவர் அப்பொறுப்பை ஏற்க, அறுபது பக்கக் கவிதைக்கு நாற்பது பக்கப் பாயிரம் அமைகிறது. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் தற்புகழ்ச்சிக்குச் சில விலக்குகளையும் பரிவோடு அளித்திருக்கிறார். தன் ஆற்றலை உணராதவர் நடுவில் ஒருவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. தம் வீட்டுக் கூடம் முதல் பேருந்து நிறுத்தம் வரை எல்லா இடமும் இவ்விலக்குக்கு உட்பட்டதே என்பது நம்மவர் கொண்ட உரை.

1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்னதாக நூலைக் கொண்டுவந்துவிடுவதென்று பணிக்கொடையில், அதாவது ஓய்வின்போது ஒருசேரக் கிடைக்கும் தொகையில், ஒரு பங்கு எடுக்கப்படுகிறது. பதிப்பு என்றாலே 1,200 பிரதிகள் என்றிருந்த காலத்தில் விற்காதவை கட்டிலுக்கடியில் குடியேறின. தேவைப்படும் அளவே அச்சிடும் முறை வந்தபின் கட்டிலுக்கடியில் இடம் மிஞ்சுகிறது, ஆதலால் இவர் அடுத்த நூலையும் எழுதிவிடுகிறார்.

கையெழுத்திட்ட பிரதியை இலவசமாகவே கொடுக்கும் இவர், எட்டாம் நாள் தொலைபேசியில் அழைத்துப் படித்தாயிற்றா என்று கேட்பார். ஆயிற்று என்று சொல்பவரிடம் எந்தப் பக்கம் பிடித்தது என்பார். பிரதி பெற்றவர்கள் நாற்பத்தொன்றாம் பக்கத்தையாவது புரட்டிப் பார்த்து, ஓரத்தில் பென்சிலால் பெயரின் முதலெழுத்தைப் போட்டு வைப்பது நலம். இரண்டாம் தொகுதி அச்சகத்துக்குப் போய்விட்டது.