உப்பைத் தடுக்கும், எண்ணெயை விடும்

காசிமேடு வாசகர்: உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வு வெறும் கொழுப்புதான் என்கிறார்களே, கொழுப்புக்கு அப்படி என்ன பலம்?

சவ்வின் அடிப்படை கொழுப்புதான். புரதங்கள் அதில் ஆங்காங்கே பதிந்திருக்கும். கொழுப்படுக்கின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. சவ்வின் முக்கியக் கொழுப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரோடு ஒட்டும் தலை ஒன்று, ஒட்டாத வால் இரண்டு. தண்ணீரில் விட்டால் தலைகள் வெளிப்பக்கமும் வால்கள் உள்பக்கமுமாகத் தாமே இரண்டு அடுக்காகச் சேர்ந்துகொள்ளும். சின்ன ஓட்டை விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். நடுவில் இருக்கும் அந்த எண்ணெய்ப் பகுதிதான் காவல். உப்பிலுள்ள, மின்னேற்றம் கொண்ட சோடியம் அயனி அதைக் கடக்கும் வேகம், தண்ணீர் கடக்கும் வேகத்தில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

ராயபுரம் வாசகி: இரண்டு அடுக்கு என்பதை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

1925-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்டர், கிரெண்டல் என்ற இருவர். சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரப்பினார்கள். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல இருமடங்கு வந்தது. சிவப்பணுவைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர்கள் கெட்டிக்காரத்தனம்: நம் சிவப்பணுவுக்குள் வேறு சவ்வே கிடையாது, கிடைக்கும் கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வுடையது. இன்னொரு சுவையான விஷயம், அவர்கள் கணக்கில் இரண்டு தவறுகள் இருந்தன. கொழுப்பு முழுவதும் பிரிந்து வரவில்லை. காய்ந்த அணுக்களை அளந்ததால் மேற்பரப்பும் குறைந்துபோனது. ஒன்றை ஒன்று ஈடுகட்டி, விடை சரியாக வந்துவிட்டது.

திருவொற்றியூர் கருவாட்டு வியாபாரி: உப்பு உள்ளே போகாதென்றால் என் கருவாட்டில் உப்பு எப்படி ஏறுகிறது?

அந்த மீன் செத்துவிட்டதே அம்மா! உயிரோடு இருக்கும்போது கடலின் உப்பிலேயே நீந்தினாலும் அதன் சதை கடல் அளவு கரிப்பதில்லை. சவ்வு தடுக்கிறது, மீறி உள்ளே வரும் உப்பைச் செவுளில் உள்ள புரதங்கள் ஆற்றலைச் செலவழித்து வெளியே தள்ளுகின்றன. செத்தபின் அந்த வேலை நின்றுபோகும், சவ்வும் சிதையும். பிறகு நீங்கள் போடும் கல்லுப்பு தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு தான் உள்ளே போய்விடும்.

சின்னக்குப்பம் வாசகி: 2023 டிசம்பர் 26 இரவு அமோனியா கசிந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவதற்குள் கண்ணும் தொண்டையும் எரிந்தன. அவ்வளவு வேகம் எப்படி?

சவ்வைக் கடக்கும் தகுதி அமோனியாவிடம் அப்படியே இருக்கிறது: மூலக்கூறு மிகச் சிறியது, மின்னேற்றமும் இல்லை. கண்ணின் ஈரத்தில், தொண்டையின் ஈரத்தில் உடனே கரைந்து காரமாகிறது. கரைந்ததில் மின்னேற்றமில்லாத பங்கு சவ்வைத் தாண்டி உயிரணுவுக்குள் போய், அங்கேயும் காரத்தன்மையை ஏற்றுகிறது. அடர்த்தி கூடினால் சவ்வின் கொழுப்பையே சோப்பாக மாற்றிவிடும். மற்ற பல காரங்களைவிட அமோனியா விழிப்படலத்துக்குள் விரைவாக ஊடுருவுவது இதனால்தான். ஆகவே கண்ணில் பட்டால் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். நல்ல தண்ணீரை அங்கேயே கால் மணி நேரமாவது விடாமல் ஊற்றிவிட்டுப் பிறகு போங்கள். ஈரத்துணி மூக்கில் ஓரளவு உதவும், வாயு தண்ணீரில் கரைவதால்.

அன்று கசிந்தது, எண்ணூர் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய். சவ்வு இதைத் தடுக்காது, ஒரு நொடிகூட. தடுக்க வேண்டியது குழாயும், குழாயைப் பரிசோதிப்பவர்களும், குப்பத்தின் கடைசி வீடுவரை கேட்கும் அபாயச் சங்கும்தான். இவற்றை உங்கள் ஊர் கேட்பது சலுகை கேட்பதல்ல.

அத்திப்பட்டு வாசகர்: அனல்மின் நிலையச் சுடுநீர் கழிமுகத்தில் விழுகிறது. மீனின் சவ்வு உருகுமா?

உருகாது, இளகும். மார்கழிக் குளிரில் உறையும் தேங்காயெண்ணெயையும் உறையாத நல்லெண்ணெயையும் நினைத்துக்கொள்ளுங்கள்: வால் நேராக இருந்தால் நெருங்கி இறுகும், மடிந்திருந்தால் நெகிழும். வெப்பம் ஏறினால் மீன் தன் சவ்வில் நேர்வால் கொழுப்பைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். திடீரென்று வரும் சூட்டுக்கு அது ஈடுகொடுக்க முடியாது.

எர்ணாவூர் வாசகர்: கழிமுகத்தில் கலந்த எண்ணெய் மேலே மிதக்கிறது. கீழே இருக்கும் மடவை ஏன் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது?

மிதப்பது கண்ணுக்குத் தெரிகிற பங்கு. பென்சீன், நாப்தலீன் போன்றவை கொஞ்சம் தண்ணீரில் கரையும். செவுளைத் தொட்டதும் தண்ணீரைவிடக் கொழுப்பே அவற்றுக்கு உகந்த இடம். சவ்வின் நடுவில் நுழைந்து, இரத்தத்தோடு போய் உடல் கொழுப்பில் தங்கும். மீன் அவற்றைக் கல்லீரலில் மெல்ல உடைத்து வெளியேற்றும். மட்டிக்கும் ஆளிக்கும் அந்தத் திறன் குறைவு, ஆகவே அவற்றில் நீண்ட நாள் தங்கும்.

கொருக்குப்பேட்டை மாணவர்: கொரோனாவுக்கு ஏன் சோப்பு?

அந்த வைரஸின் உறையும் இதே கொழுப்புச் சவ்வுதான். இரண்டு வால் உள்ளது தட்டையாக அடுக்கும். ஒற்றை வால் உள்ள சோப்பு ஆப்பாக இடையில் நுழைந்து உறையைப் பிய்த்துவிடும்.

எண்ணூர் மீனவர்: கையில் ஒட்டிய கச்சா எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். தப்பா?

வேண்டாம் ஐயா. நம் தோலின் மேலடுக்கையும் கொழுப்புதான் காக்கிறது. மண்ணெண்ணெய் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும், பிறகு தோல் வெடித்து நஞ்சு சுலபமாக இறங்கும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோதும் வாளியால் அள்ளினீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்தபோதும் நீங்களேதான் படகில் போய் அள்ளினீர்கள். அடுத்த முறை யாராவது வாளியோடு அழைத்தால், எண்ணெய் ஊடுருவாத கையுறையும் முழங்கால்வரை ரப்பர் காலணியும் முகக்கவசமும் கைக்கு வரும்வரை தண்ணீரில் இறங்காதீர்கள்.