சவுண்டு பத்தலையே!

முகூர்த்த வேளை வந்ததும் சாஸ்திரிகள் வலது கையைத் தூக்கிச் சுட்டுவிரலை ஆட்டுவார். தவில்காரர் கண்ணில் அது பட்டுவிட்டால் போதும், கெட்டிமேளம் முழங்கிவிடும். மண்டபமே அட்சதையோடு எழுந்துவிடும். ஒருவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பாவம், இப்படித்தான் எத்தனையோ தலைமுறையாகக் கல்யாணங்களை ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். எப்போது சந்தோஷப்பட வேண்டும், எவ்வளவு சந்தோஷப்பட வேண்டும், பட்டது போதுமா என்று எடுத்துச் சொல்ல நமக்கு நாதியில்லை. அந்தக் குறையைப் போக்க வந்தவர்தான் நிகழ்ச்சித் தொகுப்பாளர். தொழிலில் இருப்பவர்கள் எம்சி என்பார்கள். டிவி பார்த்து வளர்ந்த நமக்கு ஆங்கர்.

முன்பெல்லாம் வரவேற்பில் மெல்லிசைக் குழுப் பாடகரே இரண்டு பாட்டுக்கு நடுவில் மணமக்களை ஒரு வரியில் வாழ்த்திவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். சுத்தக் கருமித்தனம். இன்று சென்னையில் கொஞ்சம் வசதியான வரவேற்பு என்றால் அதற்கென்று தனி ஆள். கையில் கார்ட்லெஸ் மைக், காலில் பளபளக்கும் ஷூ, முகத்தில் நான்கு மணி நேரம் வாடாத சிரிப்பு. மாப்பிள்ளைக்கே அவ்வளவு சிரிப்பு வராது. காசு வாங்குகிறவருக்குத்தான் வரும்.

இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொய்க்கவரும் கையுமாக நிற்கும் வரிசை மேடைப் படியிலிருந்து ஐஸ்கிரீம் கவுண்டர் வரை நீண்டிருக்கிறது. ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டியவர்கள் மணி பார்க்கிறார்கள். அவர்களுடைய தவிப்பை ஒரு பார்வையில் புரிந்துகொண்ட தொகுப்பாளர், வரிசையை நிறுத்திவிட்டு ஒரு விளையாட்டை ஆரம்பிக்கிறார். மணமக்களை முதுகோடு முதுகாக நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொருவர் கையிலும் தன் செருப்பில் ஒன்று, மற்றவர் செருப்பில் ஒன்று. “முதல்ல சாரி கேட்கிறது யாரு?” “அதிகமா செலவு பண்றது யாரு?” பதிலுக்கு உரியவரின் செருப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, ஓங்கிய கையில் செருப்பு என்று மணப்பெண் இருக்கும் அந்தக் கோலத்தை எல்இடி திரை பத்தடி உயரத்துக்குக் காட்டுகிறது. பாட்டிமார்கள் வாயடைத்துப் பார்க்கிறார்கள். சம்பந்திகளுக்குள் தகராறு வந்தால்தான் கல்யாணத்தில் செருப்பு தூக்குவது என்றிருந்த நிலையை மாற்றி, தகராறே இல்லாமல் தூக்கவைத்தவர் இவர். சீர்திருத்தம் என்றால் வேறென்ன?

அடுத்து நம் பக்கம் திரும்புவார். “என்னங்க, சவுண்டு பத்தலையே!” லெஃப்ட் சைடு ஒரு அணி, ரைட் சைடு ஒரு அணி, யார் அதிகம் கத்துகிறார்கள் என்று போட்டி. இதில் ரைட் சைடு எப்போதும் தோற்கும், காரணம் பந்தி நடக்கும் கதவு அந்தப் பக்கம். மிச்சமிருப்பவர்களில் யார் மிகவும் சங்கோஜி என்று பார்த்து, அவரைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றுவதில் இவருக்கு நிகர் இவரே. நான் பார்த்த ஒரு வரவேற்பில் மாட்டியவர் பெண்ணின் தாய்மாமன். சீர்த்தட்டு தூக்கும்போதுகூடத் தலைநிமிராத மனிதர். அவரைக் குத்துப்பாட்டுக்கு ஆடவைத்து, ஆடியது போதவில்லை என்று இரண்டாம் முறையும் ஆடவைத்தார்கள். அத்தனை பேரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். தாய்மாமனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தக் குடும்பம் செய்துவிட முடியும்?

அதே மேடையில் தொகுப்பாளர் பெண்ணின் பெயரை இரண்டு தடவை மாற்றிச் சொன்னார். குற்றமாக இதைச் சொல்லவில்லை. புதுப்பெயரும் நன்றாகத்தான் இருந்தது. அவர் கையில் ஒரு அட்டை இருக்கும், கவனித்திருப்பீர்கள். நம்மைப் பார்த்த பக்கத்தில் நிகழ்ச்சி நடத்தும் கம்பெனியின் முத்திரை பளிச்சென்று அச்சிட்டிருக்கும். அவரைப் பார்த்த பக்கத்தில் பெண், மாப்பிள்ளை பெயர்களைப் பால்பாயிண்டில் கிறுக்கியிருப்பார்கள். எது முக்கியமோ அதை அச்சடித்திருக்கிறார்கள்.

தமிழுக்கு இவர்கள் செய்யும் தொண்டைத் தனியே சொல்ல வேண்டும். இலங்கை வானொலியில் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று சிலர் இருந்தார்கள். ல, ள, ழ என்று மூன்றையும் தனித்தனியே உச்சரித்துக் காலத்தை வீணாக்கியவர்கள். அப்துல் ஹமீத் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தும்போது பாடுகிறவரைப் பாடவிட்டுவிட்டு ஓரமாக நிற்பார். தொகுப்பாளர் வேலை தெரிந்தவர் செய்கிற காரியமா அது? இன்றையவர்கள் மூன்று எழுத்துக்கும் ஒரே ஒலியை வைத்துச் சிக்கனமாக முடிக்கிறார்கள். மிச்சமாகும் நேரத்தில் “கைஸ்” சொல்லிக்கொள்ளலாம்.

சினிமாப் பாடல் வெளியீட்டு விழாவில் இவர்கள் சேவை இன்னும் பெரிது. நாயகன் வர நேரமாகும். காதில் மாட்டிய கருவியில் “ஃபில் பண்ணுங்க” என்று உத்தரவு வரும். உடனே ஒன்றுமில்லாததைக்கொண்டு ஒரு மணி நேரத்தை நிரப்பிவிடுவார்கள். “இன்னும் சற்று நேரத்தில்” என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அன்று தெரிந்துகொள்ளலாம். நாயகன் வந்தபின், “நம்ம எல்லார் மனசுலயும் இருக்கிற ஒரே கேள்வி” என்று தொகுப்பாளர் ஒன்றைக் கேட்பார். என் மனதில் அப்போது இருந்த கேள்வி, வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தினேன் என்பது. அதை அவர் கேட்டதேயில்லை.

அரசு விழா என்றால் நாக்கில் அளவுகோல் வைத்திருப்பார். ஆளுநருக்கு எது, அமைச்சருக்கு எது, மேயருக்கு எது என்று அடைமொழிகள் இடம் மாறாது. பெண்ணின் பெயர் மாறலாம், இது மாறாது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி, நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி. மொழியையும் நாட்டையும் இரண்டு நிமிடத்துக்குள் வாழ்த்தி முடித்துவிடலாம். ஒரு வட்டாரப் பிரமுகரை வாழ்த்த அது எந்த மூலைக்குக் காணும் என்று அறிந்தவர் இவர்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மூடிய அரங்கம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்றவற்றுக்குள் இருப்பவர்களுக்காக ஒலிப்பதற்கு விலக்கு உண்டு. ஊரைக் காப்பாற்றிய சட்டம், அழைப்பிதழ் வாங்கியவர்களைத் தொகுப்பாளரிடமே ஒப்படைத்துவிட்டது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவர்கள் யாரும் அழையாமல் வருவதில்லை. அட்வான்ஸ் கொடுத்துத்தான் கூப்பிடுகிறோம். இரண்டு குடும்பமும் ஒரு கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ள நேர்ந்துவிடுமோ என்கிற பயம் நமக்கு இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடைக்குமா?

அடுத்த தை மாதம் எனக்கு சஷ்டியப்தபூர்த்தி. பையன் ஏற்கெனவே ஆளைப் பேசி முடித்துவிட்டான். வந்தவர் நல்ல பையன். அங்கிள், ஆன்ட்டி என்று வாய் நிறையக் கூப்பிட்டார். நான் முழங்கால் போட்டு என் மனைவியிடம் ரோஜாப்பூ நீட்டி ‘ப்ரபோஸ்’ பண்ண வேண்டுமாம். “மூட்டுவலி தம்பி, மடக்க முடியாது” என்றேன்.

“கவலைப்படாதீங்க அங்கிள், குஷன் போட்டுத் தர்றோம். எழுந்திருக்கத்தான் கொஞ்சம் நேரமாகும். அதுவரைக்கும் நான் ஃபில் பண்ணிக்கறேன்” என்றார்.